10 நிமிஷம் ஓடி வேகம் விழும் பழைய 15 எச்பி அவுட்போர்டு படகு மோட்டார்: பெட்ரோலா, கரண்டா?

கொண்டல்:
டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், ஒரே கார்புரேட்டர், கயிறு ஸ்டார்ட். 25 வருஷத்துக்கு மேல பழசு. பாக் ஜலசந்திப் பக்கம் ஃபைபர் போட்ல ஓடுது. காலைல ரெண்டாவது இழுப்புலயே ஸ்டார்ட் ஆயிடும், ஐடிலிங்கும் பரவாயில்லை. ஃபுல் த்ராட்டில்ல 10 நிமிஷம் நல்லாப் போகும், அப்புறம் வேகம் பாதியாயிடும். குறைச்சு ரெண்டு நிமிஷம் விட்டா மறுபடி போகும். மேல் சிலிண்டர் பிளக் காய்ஞ்ச பழுப்பு. கீழ் பிளக் கறுப்பா, ஈரமா இருக்கு. 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி ஆயில் ஊத்துறேன். கார்புரேட்டரை ரெண்டு தடவை கழுவியாச்சு, பலன் இல்லை. கியர் ஆயில் வேற பால் டீ நிறத்துல வருது. எங்கேருந்து ஆரம்பிக்கலாம் அண்ணே?

கரைவலை:
கார்புரேட்டரை இனிமே தொடாதீங்க தம்பி. ரெண்டு சிலிண்டருக்கும் அது ஒண்ணுதான் கலவை குடுக்குது. அதுல குறைன்னா ரெண்டு பிளக்கும் ஒரே லட்சணத்துல இருக்கணும். ஒண்ணு மட்டும் ஈரம்னா அந்த சிலிண்டரோட சொந்தச் சங்கதியைத்தான் தேடணும்: பிளக், பிளக் ஒயர், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள கட்டுற அழுத்தம்), கிராங்க் சீல். பெட்ரோல் பம்பும் இந்தக் கணக்குல வரும், அதைப் பிறகு சொல்றேன்.

வேகம் விழும்போது என்ஜின் சத்தம் இறங்குதா, ஏறுதா? ஏறினா என்ஜின்ல ஒண்ணுமில்லை, புரொப்பல்லர் நடுவுல இருக்கிற ரப்பர் புஷ் வழுக்குது. உள் உலோகத்துலயும் வெளி ஹப்லயும் சேர்த்து பெயின்ட்ல ஒரு கோடு போட்டுட்டு ஓட்டிப் பாருங்க. திரும்பி வரும்போது கோடு ரெண்டா விலகியிருந்தா அதேதான்.

சத்தம் இறங்கினா, அந்த நேரமே த்ராட்டிலைக் குறைக்காம, ஹோஸ்ல இருக்கிற ரப்பர் கைப்பம்பை இன்னொருத்தர் நாலஞ்சு தடவை அமுக்கணும். வேகம் எழுந்தா பெட்ரோல் பத்தலை. எழலைன்னா கரண்ட் (பிளக்குக்கு வர்ற ஸ்பார்க்), இல்ல சூடு. பெட்ரோல்தான்னா முதல்ல டேங்க் மூடில இருக்கிற காத்துத் திருகைத் திறந்து பாருங்க. அது அடைச்சிருந்தா டேங்குக்குள்ள வெற்றிடம் கட்டி, சரியா இப்படித்தான் கொஞ்ச நேரம் கழிச்சு மக்கர் பண்ணும்.

அப்புறம் மேல் பிளக்கைக் கீழயும் கீழ் பிளக்கை மேலயும் மாத்திப் போடுங்க. ஈரம் பிளக்கோட கூடவே மேல போனா பிளக்தான் குற்றவாளி. கம்ப்ரஷனும் எடுத்துடுங்க: ரெண்டு பிளக்கையும் கழட்டி, த்ராட்டிலை முழுசாத் திறந்து, கயிறை அஞ்சு தடவை வேகமா இழுக்கணும். ரெண்டுக்கும் நடுவுல 10, 15 பிஎஸ்ஐக்கு மேல வித்தியாசம் வரக்கூடாது. பிளக் ஒயரைச் சும்மா தொங்க விட்டுட்டுக் கயிறை இழுக்காதீங்க, சிடிஐ (ஸ்பார்க் குடுக்கிற எலக்ட்ரானிக் பெட்டி) போயிடும். என்ஜின் உடம்புல எர்த் பண்ணிட்டு இழுங்க.

கொண்டல்:
சத்தம் இறங்குது. கைப்பம்பை அமுக்கினா எழும்புது, ஒரு நிமிஷத்துல மறுபடி விழுது. டேங்க் மூடியை முழுசாத் திறந்து வச்சும் அதே கதைதான். பிளக் மாத்திப் போட்டும் கீழ்தான் ஈரம். கம்ப்ரஷன் மேல் 110, கீழ் 105.

கரைவலை:
கம்ப்ரஷன் நல்லாவே இருக்கு. இப்ப பம்புக்கு வருவோம். இந்த வகை மோட்டார்ல பெட்ரோல் பம்புக்குத் தனியா டிரைவ் கிடையாது. ஒரு சிலிண்டரோட கிராங்க்கேஸ்ல, அதாவது பிஸ்டனுக்குக் கீழ இருக்கிற அறையில, பிஸ்டன் ஏறி இறங்கும்போது வர்ற காத்துத் துடிப்புதான் பம்புக்குள்ள இருக்கிற மெல்லிய டயாஃப்ரத்தை (சவ்வை) ஆட்டுது. டயாஃப்ரத்துல ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாப் போதும், அந்தத் துவாரம் வழியா பெட்ரோல் நேரா அந்த ஒரு கிராங்க்கேஸுக்குள்ள இறங்கும். அந்த பிளக் நனையும். ஃபுல் த்ராட்டில்ல கார்புரேட்டருக்கு வேண்டிய அளவு ஏறாது, கிண்ணம் காலியாகும். உங்க ரெண்டு குறைக்கும் ஒரே காரணம் பொருந்துது.

உறுதி பண்றது சுலபம். என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, பம்போட போல்ட்டை மட்டும் கழட்டுங்க. ஹோஸ் பம்புலயே இருக்கட்டும். பின்பக்கத் துடிப்புத் துவாரத்தைக் கண்ணு பார்க்கிற மாதிரி திருப்பி வச்சுக்கிட்டு கைப்பம்பை அமுக்குங்க. அந்தத் துவாரத்துல ஒரு சொட்டு பெட்ரோல்கூட வரக்கூடாது. கசிஞ்சா டயாஃப்ரம் போச்சு. பிரிக்கிறதுக்கு முன்னாடி அடுக்கு வரிசையை ஃபோன்ல படம் எடுத்துக்குங்க, கேஸ்கெட்டை முன்பின்னா வச்சா துவாரம் அடைபடும். டயாஃப்ரம் மட்டும் வாங்காம கிட்டாவே வாங்குங்க. எத்தனால் கலந்த பெட்ரோல்ல பழைய ரப்பர் ஊதிப் போகும், ஹோஸ் வெளியே நல்லாத் தெரிஞ்சாலும் உள்ளே தோல் உரிஞ்சு மடங்கி வழியை அடைக்கும். ஹோஸையும் சேர்த்து மாத்திடுங்க.

நங்கூரம்:
பம்ப் விஷயத்துல கரைவலை அண்ணன் சொன்னதுக்கு மேல பேச ஒண்ணுமில்லை. ஆனா பால் டீ நிற கியர் ஆயிலை விட்டுடாதீங்க, அதுல தண்ணி கலந்திருக்கு, அது பம்பை விடப் பெரிய செலவு. தண்ணி பெரும்பாலும் புரொப்பல்லர் ஷாஃப்ட் சீல் வழியாத்தான் ஏறும். புரொப்பல்லரைக் கழட்டி, ஷாஃப்ட்ல தங்கூசி (நைலான் மீன்பிடி நரம்பு) சுத்தியிருக்கான்னு பாருங்க. சுத்தின தங்கூசி சூடாகி சீலோட உதட்டைக் கத்தி மாதிரி அறுத்துடும். சீல் மாத்தும்போது வடிதிருகு வாஷரையும் புதுசாப் போடுங்க.

கியர்பாக்ஸை எப்படியும் இறக்குவீங்க, அதே கையோட என்ஜினைக் குளிர வைக்கத் தண்ணி ஏத்துற ரப்பர் இம்பெல்லரையும் மாத்துங்க. உங்க பக்கம் ஆழம் கம்மி, சேறு அதிகம். மணல் அதைச் சீக்கிரம் தின்னுடும். பழைய இம்பெல்லர்ல ஒரு இதழ் குறைஞ்சா, உடைஞ்ச துண்டு மேல போற தண்ணிக் குழாய்ல கிடக்கும். எடுக்காம மூடினா புது இம்பெல்லர் போட்டும் சூடு குறையாது.

கொண்டல்:
துவாரத்துல பெட்ரோல் சொட்டுது! கிட் சொல்லியாச்சு. ஷாஃப்ட்லயும் ஒரு கொத்து தங்கூசி. கியர் ஆயிலை மேல் ஓட்டைல ஊத்தலாமா?

நங்கூரம்:
வேண்டாம், உள்ள காத்து தங்கிடும். மேல் திருகையும் கழட்டி வச்சுட்டு, கீழ் ஓட்டைல ட்யூபைச் சொருகி எஸ்ஏஇ 90 கியர் ஆயிலை அமுக்குங்க, மேல வழியிற வரைக்கும். அப்புறம் முதல்ல மேல் திருகு. அதை இறுக்கினதும் ட்யூபை உருவிட்டுக் கீழ் திருகைச் சட்டுனு போடுங்க, ரெண்டு சொட்டுக்கு மேல சிந்தாது.