‘ஸ்டெனோதெர்ம்’: குளிர்விரும்பியா, குறுவரம்பியா?

அனைவருக்கும் வணக்கம்.

குளிர்ந்த நன்னீரில் வாழும் சிற்றுயிர்கள் பற்றிய கட்டுரைக்காக ‘ஸ்டெனோதெர்ம்’ (குறுகிய வெப்பநிலை இடைவெளிக்குள் மட்டுமே வாழும் உயிர்) என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தார்கள். இதுவரை வந்தவை மூன்று: குளிர் இரத்த உயிரி, குளிர்விரும்பி, குறுவெப்ப உயிரி. முதலாவதை இப்போதே ஒதுக்கிவிடலாம். சுற்றுப்புறத்தோடு சேர்ந்து உடல் வெப்பநிலை ஏறி இறங்கும் விலங்குகளையெல்லாம் அப்படிச் சொல்கிறோம். பாலைவனப் பல்லியும் அதில் அடங்கும். நண்பகலில் அதன் இரத்தம் நம் இரத்தத்தைவிடச் சூடாகக்கூட இருக்கும்!

> குளிர்விரும்பி என்றால் பள்ளி மாணவருக்கும் புரியுமே. எதற்கு இன்னொரு சொல்?

புரியும், தப்பாகப் புரியும் என்பதுதான் சிக்கல். ஐரோப்பிய மலை ஊற்றுகளில் கிரெனோபியா அல்பினா என்றொரு தட்டைப்புழு உண்டு. ஊற்றுநீரின் வெப்பநிலை அந்த இடத்துக் காற்றின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும்; கோடையோ குளிர்காலமோ, பெரிதாக மாறாது. அந்தப் புழுவின் வாழ்க்கையில் குளிர்ச்சி ஒரு பாதி, மாறாமை மறுபாதி. ஸ்டெனோதெர்ம் என்ற சொல் குறிப்பது இந்த இரண்டாவது பாதியைத்தான். வெந்நீர் ஊற்றில் மட்டுமே பிழைக்கும் உயிரும் ஸ்டெனோதெர்ம்தான். அதைக் குளிர்விரும்பி என்போமா? போதாததற்கு, கடுங்குளிரில் நன்றாக வளரும் பாக்டீரியாக்களுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே பொருத்தமாக இருக்கிறது. உவர்விரும்பி, அமிலவிரும்பி என்ற வரிசையில் அது அங்கேயே இருக்கட்டும்.

> வெப்பம் தாங்காத உயிரி என்று விளக்கமாகவே சொல்லிவிட்டால் என்ன?

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘தாங்காது’ என்பது உயிருக்கு உயிர் வேறுபடுகிறது.

நன்னீரில் வாழும் சிறு குழாய் போன்ற விலங்கான ஹைட்ராவை எடுத்துக்கொள்வோம். செல்கள் சூடுபட்டால் புரதங்கள் மடிப்புக் குலையும். அவற்றைத் தாங்கிப் பிடிக்க வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் உருவாகும். ஹைட்ரா வல்காரிஸ் இதை ஒழுங்காகச் செய்கிறது. முதலில் மிதமான சூட்டில் சிறிது நேரம் வைத்திருந்தால், அடுத்து வரும் கடுமையான சூட்டையும் தாங்கிக்கொள்கிறது. குளிர்நீரில் வாழும் ஹைட்ரா ஒலிகாக்டிஸ் அப்படியில்லை. அதனிடம் இந்த எதிர்வினை இல்லை என்று 1988இல் காட்டினார்கள். காரணம் 1998இல் தெரிந்தது: அந்தப் புரதத்துக்கான மரபணு இருக்கிறது, சூடுபட்டதும் புரதம் செய்யக் கட்டளை சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வும் எழுதப்படுகிறது, ஆனால் அது நிலைத்து நிற்காமல் சீக்கிரமே சிதைந்துபோகிறது. கட்டளை பிறந்தும் புரதம் போதிய அளவு பிறப்பதில்லை. அதே விலங்கை 18 டிகிரி செல்சியஸிலிருந்து 10 டிகிரிக்கு இறக்கினால், அதுவரை மொட்டுவிட்டுப் பெருகியது பாலினப் பெருக்கத்துக்கு மாறி, குளிர்காலத்தைக் கடக்கும் முட்டைகளை இடுகிறது. சூட்டில் கையைப் பிசைந்து நிற்கும் உயிர் குளிரில் எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்கள்.

அப்புறம் லெட்னியா டுமானா. அமெரிக்காவின் மொன்டானா பகுதியில், பனியாறு உருகி வரும் ஓடைகளில் இளம்பருவத்தைக் கழிக்கும் பூச்சி. பனியாறுகள் சுருங்கிவருவதால் 2019இல் அழிவு அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால் ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தால், தன் ஓடை ஒருபோதும் எட்டாத சூட்டையும் அது சிறிது நேரம் தாங்குகிறது. வெப்ப அதிர்ச்சிப் புரதங்களும் அதனிடம் வேலை செய்கின்றன. சில மணி நேரம் பிழைத்திருப்பது வேறு, அந்தச் சூட்டில் வளர்ந்து, சிறகு முளைத்து, முட்டையிட்டு ஒரு தலைமுறையை முடிப்பது வேறு. ஆகவே ‘தாங்காத’ என்ற சொல் ஒலிகாக்டிஸுக்குப் பொருந்தும், லெட்னியாவுக்கு அப்படியே பொருந்தாது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது, வாழ்க்கைச் சுற்று முழுமையாக நடக்கக்கூடிய வெப்பநிலை இடைவெளி குறுகியது என்பது மட்டுமே. நம் சொல் அதைச் சொன்னால் போதும். ஏன் குறுகியது என்பதைக் கட்டுரை சொல்லிக்கொள்ளும்.

இனி குறுவெப்ப உயிரி. கருத்து சரி. கேட்டதும் ‘குறைந்த வெப்பம்’ என்றுதான் காதில் விழுகிறது, அதுதான் குறை. ‘குறுவீச்சு’ என்று மாற்றலாம் என்றால், வீச்சு என்பதை இயற்பியல்காரர்கள் அலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நான் முன்வைப்பது வரம்பு என்ற சொல்லை: குறுவரம்பி, அதற்கு எதிராக அகல்வரம்பி. முன்னால் ‘வெப்பநிலை’ சேர்த்தால் வெப்பநிலைக் குறுவரம்பி. குளிரில் வாழ்வது தண்குறுவரம்பி. உப்பளவு மாறினால் தாங்காதது உவர்க்குறுவரம்பி. ஒரே அச்சில் எத்தனை வேண்டுமானாலும் வார்த்துக்கொள்ளலாம்.

> வரம்பு என்பது எல்லைக்கோடு. கோட்டைத் தாண்டினால் உடனே சாவு என்ற எண்ணம் வராதா? சூடான நீரில் இவை மெதுவாகத்தானே நலிகின்றன?

நல்ல கேள்வி, ஐயா. மெதுவாக நலிவது உண்மைதான். முக்கியக் காரணங்களில் ஒன்று மூச்சு. 0 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 20 டிகிரியில் 9.1தான். வெப்பநிலை 10 டிகிரி ஏறினாலே இத்தகைய விலங்குகளின் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்காகும். தேவை ஏறும்போதே வரத்து குறைகிறது. நலிவதற்குள் இடம் மாறிக்கொள்பவையும் உண்டு. சைபீரியாவின் பைக்கால் ஏரிக் கரையோரத்தில் வாழும் ஆம்ஃபிபாட்களில் (இறால் போன்ற சிறு ஓட்டுடலிகள்) யூலிம்னோகாம்மரஸ் வெருகோசஸ் என்பது, கோடையில் கரைநீர் சூடேறினால் ஆழத்துக்குப் போய்விடுகிறது. அதன் உறவினமான சயனியஸ் கரையிலேயே தங்கிவிடுகிறது. ஆக, ஒரே ஏரிக்கரையில் குறுவரம்பியும் அகல்வரம்பியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

இந்த நலிவைச் சொல்ல வேண்டுமானால் வரம்பையே இரண்டாகப் பிரிக்கலாம்: வாழ்வரம்பு (வளர்ந்து பெருகக்கூடியது), தாங்குவரம்பு (கொஞ்ச நேரம் பிழைத்திருக்கக்கூடியது). லெட்னியாவுக்கு முதலாவது குறுகியது, இரண்டாவது அவ்வளவு குறுகியதல்ல. குறுவரம்பி என்று பெயரிடும்போது வாழ்வரம்பைத்தான் கணக்கில் எடுக்கிறோம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் குழப்பம் தீரும்.

> சூட்டுக்குப் பழகிக்கொள்வதையும் தகவமைவு என்றே எழுதலாமா?

வேண்டாம். தகவமைவு தலைமுறைகள் வழியே நடப்பது. டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு ஆக்சிஜன் குறைந்த நீரில் கூடுதல் ஹீமோகுளோபினை உருவாக்கிச் சிவந்துபோவது ஒரே உயிரின் ஆயுளுக்குள் நடப்பது. இதற்கு ‘இணங்கல்’ போதும். வெப்பநிலை சார்ந்தால் வெப்பநிலை இணங்கல். குறுவரம்பிகளுக்கு இணங்கும் திறனும் பெரும்பாலும் குறைவு என்பதால் இந்த இரண்டு சொற்களும் ஒரே பத்தியில் அடிக்கடி சந்திக்கும். கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்குறுவரம்பி நாவில் கொஞ்சம் இடறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ‘தண்வரம்பி’ என்று சுருக்கலாம்தான், ஆனால் குறுமை போய்விடுகிறதே. இதைவிட எளிதாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள். இல்லையென்றால் கட்டுரையில் முதல்முறை வரும்போது விளக்கத்தோடு இதையே போட்டுவிடலாம்.