போதையை விட்டபின் ஆபத்து கூடுமா?

கேள்வி:
என் தம்பி ஹெராயின் பழக்கத்திலிருந்து விடுபட, மறுவாழ்வு மையத்தில் தங்கிச் சிகிச்சை பெற்று அண்மையில் வீடு திரும்பியிருக்கிறான். உடல் நன்கு தேறியிருக்கிறது. ஆனால், இனிமேல்தான் கூடுதல் கவனம் தேவை என்று மருத்துவர் எச்சரித்து அனுப்பினார். பழக்கத்தில் இருந்த காலத்தைவிட, விட்டுவிட்ட பிறகு எப்படி ஆபத்து அதிகமாகும்? பழையதைப் பற்றி அவனிடம் பேச்சே எடுக்கக்கூடாது என்கிறார்கள் உறவினர்கள். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
மருத்துவர் சொன்னது சரியே. ஹெராயின், மார்ஃபின் போன்ற ஓபியாய்டுகளை (அபின் வகை மருந்துகளை) தொடர்ந்து எடுப்பவரின் உடல் அவற்றுக்குப் பழகிப்போவதால், தொடக்கத்தில் கிறக்கம் தந்த அளவு நாளடைவில் போதாமல் போய், அளவைக் கூட்டிக்கொண்டே போக நேரிடுகிறது. நிறுத்திய சில வாரங்களிலேயே அந்தத் தாங்குதிறன் பெருமளவு குறைந்துவிடும். பழைய அளவு மட்டும் நினைவில் அப்படியே நிற்கும். மனம் தளர்ந்த ஒரு நேரத்தில் அதே அளவை எடுத்தால், சுவாசத்தை இயக்கும் மூளைப் பகுதி அடங்கி மூச்சு நின்றுவிடக்கூடும். சிறையிலிருந்து விடுதலையானவர்களிடையே முதல் சில வாரங்களில் இத்தகைய இறப்புகள் மிகுந்திருப்பதற்கும் இதுவே முக்கியக் காரணம். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இன்னும் மோசம். போதாக்குறைக்கு, மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமுள்ள ஃபென்டனில் என்னும் செயற்கை ஓபியாய்டு கலந்த சரக்கும் பல நாடுகளில் விற்கப்படுகிறது. வாங்குபவருக்கு அது தெரியவும் தெரியாது.

மறுமொழி 2:
செவிலியராகப் பணியாற்றுபவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். கண்மணி குண்டூசி முனையளவுக்குச் சுருங்கி, உதடும் நகமும் நீலம் பாரித்து, தொண்டையில் கரகரவென்று குறட்டை போன்ற ஒலி கேட்டு, உலுக்கினாலும் ஒருவர் எழாவிட்டால் அது தூக்கமன்று; அளவு மீறிய ஓபியாய்டால் மூச்சு அடங்குவதன் அறிகுறி. 'அசந்து தூங்குகிறான், எழுப்ப வேண்டாம்' என்று கதவைச் சாத்திவிட்டுப் போவதில்தான் உயிர்கள் போகின்றன. உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலோக்சோன் என்னும் மருந்து மூக்கில் தெளிக்கும் வடிவிலும் உண்டு. உங்கள் பகுதியில் கிடைக்குமா என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டுவையுங்கள். அதன் வேலை 30 முதல் 90 நிமிடங்களில் தணிந்து, மூச்சு மறுபடியும் அடங்கக்கூடும் என்பதால், கண் விழித்துவிட்டார் என்றாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதைத் தவிர்க்கக் கூடாது.

மறுமொழி 3:
உறவினர்களின் யோசனையை நான் ஏற்கவில்லை. வீட்டில் யாரும் வாய் திறக்காவிட்டால், மீண்டும் ஆசை எழும்போது அவர் அதை யாரிடம் சொல்வார்? தனியே ஒளிந்து எடுப்பவரைக் காப்பாற்ற அருகில் ஆளிருக்காது. அவருக்குச் சிகிச்சையாக மெத்தடோன் அல்லது புப்ரெனார்ஃபின் (இவையும் ஓபியாய்டு வகை மருந்துகளே) தரப்பட்டிருந்தால், 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா' என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரண்டும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. ஏக்கத்தைத் தணித்து இறப்பு அபாயத்தையும் குறைப்பவை. 2022-இல் உலகில் சுமார் 6.4 கோடிப் பேர் போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறுகளுடன் இருந்ததாகவும், 11 பேரில் ஒருவருக்கே சிகிச்சை கிட்டியதாகவும் ஐ.நா. அமைப்பின் அறிக்கை சொல்கிறது. உங்கள் தம்பி அந்த ஒருவர். அடுத்த பரிசோதனைக்கு அவரோடு நீங்களும் சென்று, மருந்தை எவ்வளவு காலம் தொடர வேண்டும் என்பதை நேரிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.