எல்லையோர ஓட்டல்களில் "அசல்" சாப்பாடு கேட்டவர்கள், கொடுத்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. நிலம் கேரளா, வீட்டில் பேச்சு தமிழ். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோயம்புத்தூர் நண்பர்கள் வேலந்தாவளம் வழியாக வந்து இறங்கிவிடுவார்கள். "அசல் கேரளா சாப்பாடு வேணும், நீதான் கூட்டிட்டுப் போகணும்" என்பார்கள்.

எங்கள் பக்கம் மழை மறைவுப் பகுதி. கரிசல் மண், நிலக்கடலை, தென்னை. வீட்டில் பொன்னி அரிசிச் சோறு, கொள்ளு ரசம். அதையே நம்பி பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலுக்குக் கூட்டிப் போனேன். ஒரு வாய் வைத்தவுடன் நண்பன் சொன்னான்: "இதுக்கு நான் பொள்ளாச்சிக்கே போயிருப்பேனே!"

அப்புறம் அவர்களே ஃபோனில் தேடி நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வாசலில் கெட்டுவள்ளம் என்கிற படகுவீடு, உள்ளே கதகளி முகம், பரிமாறுபவர்களுக்குக் கசவு வேட்டி. கெட்டுவள்ளம் ஆலப்புழைப் பக்கத்துக் குட்டநாட்டுக்காரர்களுடையது. பாலக்காடு மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது, காயலும் கிடையாது. கரிமீன் பொள்ளிச்சது (காயல் மீனை வாழையிலையில் சுற்றிச் சுட்டது) ஐஸ் பெட்டியில் வந்து இலையில் சுருண்டு கிடந்தது. விலை கேட்டால் தலை சுற்றும். நண்பர்களுக்கோ பரம திருப்தி. "நீயே சொல்லு, இது அசல்தானே?" என்று என்னைக் கேட்கிறார்கள். கரிமீனை அவர்கள் சாப்பிட்ட அளவுக்கு நான் சாப்பிட்டதில்லை. ஆனால் சர்ட்டிபிகேட் நான் கொடுக்க வேண்டும்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இந்த அனுபவம் நிறைய இருக்கும். உங்களைப் பார்த்ததும் ஓட்டல்காரர் என்ன கொடுத்தார், நீங்கள் என்ன எதிர்பார்த்துப் போனீர்கள், எழுதுங்கள்.

மார்த்தாண்டம் மக்கா:
அண்ணே, எனக்கு நேர்மாறு. மதுரையிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தபோது அம்மா சிவப்புச் சம்பா அரிசிச் சோறு, குடம்புளி போட்ட மீன் கறி, மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) அவித்தது எல்லாம் வைத்தார்கள். "எங்களுக்காகக் கேரளா சாப்பாடு செஞ்சீங்களா?" என்று ஆசையாகக் கேட்டார்கள். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எங்களுக்கு அது தினசரிச் சாப்பாடு. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கு தாலுகாவும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சிக் கணக்கில் இருந்தவை. மாநிலம் மாறிய அன்று அடுப்பில் இருந்த பானையை யாரும் இறக்கி வைக்கவில்லை.

இன்னொன்று. கேரளப் பக்கம் பாறசாலை தாண்டி ஒரு கடையில் மரச்சீனியும் மீன் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் சென்னைப் பையன்கள். "இதுதான்டா ஆயிரம் வருசத்துப் பாரம்பரிய உணவு" என்று வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள். மரச்சீனி தென்னமெரிக்காக் கிழங்கு. திருவிதாங்கூரில் அதைப் பரவலாகப் பயிர் செய்ய வைத்தவர் விசாகம் திருநாள் மகாராஜா. அவர் ஆட்சியே 1880-இல்தான் தொடங்கியது. கறியில் இடித்துப் போட்ட காந்தாரி மிளகாயும் அதே கண்டத்துச் சரக்குதான். சொல்லலாமா என்று யோசித்தேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது, விட்டுவிட்டேன்.

லாரிக்காரர் மகன்:
கோவை-பாலக்காடு ரோட்டில் வாளையார் செக்போஸ்டில் அப்பா லாரியோடு நாள்கணக்கில் காத்துக் கிடப்பார். அந்த வரிசைக்காகவே கடைகள் இருந்தன. தமிழ் டிரைவருக்குத் தண்ணியாகச் சாம்பார், வடக்கத்தி டிரைவருக்குச் சப்பாத்தி, எது கேட்டாலும் கிடைக்கும், யாரும் அசலா போலியா என்று கேட்டதில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனைச் சாவடியை எடுத்தார்கள். லாரி நிற்பதில்லை. இப்போது நிற்பவை கார்கள். கார்க்காரர்களுக்குத்தான் கதகளி தேவைப்படுகிறது.

செங்கோட்டை அக்கா:
நான் செங்கோட்டை, வேலை சென்னையில். எங்கள் ஆபீசில் ஓணத்துக்கு ஒரு கேரளா ஓட்டலில் சத்யா (இலை விருந்து) முன்பதிவு செய்தார்கள். மலையாளிகள், தமிழர்கள் கலந்து உட்கார்ந்தோம். என் எதிரில் கண்ணூர் பெண் ஒருத்தி. எல்லோரும் அவளைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறார்கள், எதை எப்போது பிசைவது என்று.

பால் பாயசம் வந்தது. கூடவே போளி. அவள் சிரித்துவிட்டாள். "சத்யாவில் போளியா? இது தமிழ்நாட்டு வேலை, ஏமாத்தறாங்க." எனக்குச் சுருக்கென்றது. திருவனந்தபுரம் பக்கம் போளி மேல் பால் பாயசம் ஊற்றிப் பிசைந்து சாப்பிடாவிட்டால் விருந்தே முடியாது. எங்கள் ஊரும் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சிதான். மாமியார் வீட்டுக் கல்யாணங்களில் இன்றும் போளி உண்டு. "இது தெற்கத்தி வழக்கம்" என்றேன். "நீங்கள் தமிழ்தானே?" என்று கேட்டாள். அதோடு பேச்சு முடிந்தது. மேசையில் இருந்த ஒருவரும் என்னை நம்பவில்லை. சரி, கேரளா பற்றி மலையாளிக்குத் தெரியாததா செங்கோட்டைக்காரிக்குத் தெரிந்துவிடப் போகிறது!

வேடிக்கை அதற்கப்புறம்தான். கை கழுவும்போது அவளே சொன்னாள், அவர்கள் வீட்டு ஓணச் சாப்பாட்டில் மீனோ கோழியோ இல்லாமல் இருக்காதாம். மலபார் பக்கம் அப்படிப் பல வீடுகளில் உண்டு. இதைக் கேட்ட எங்கள் திருச்சூர் மேனேஜர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஓணத்துக்கு மீனா என்று அவர் அதிர்ந்துபோனார். ஓர் இலையில் மூன்று கேரளா. அன்று அதிகம் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டவன் சமையல்காரன் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அக்கா, இதே மாதிரி ராமசேரி இட்லியில் ஒரு கூத்து உண்டு. எலப்புள்ளி பக்கத்தில் ராமசேரி. மண்சட்டியின் வாயில் கயிற்று வலை கட்டி, அதன் மேல் துணி விரித்து மாவு ஊற்றி, விறகடுப்பில் வேக வைப்பார்கள். தட்டையாக, தோசைக்கும் இட்லிக்கும் நடுவில் இருக்கும். பொடியில் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்துத் தருவார்கள். "கேரளாவின் இட்லி" என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அதைச் சுடுகிறவர்கள் சில தலைமுறைக்கு முன் காஞ்சிபுரத்திலிருந்து வந்த முதலியார் குடும்பங்கள். நான் போன அன்று சென்னைக்காரர் ஒருவர் அங்கேயே நின்று "இட்லின்னா காஞ்சிபுரம் இட்லிதான், மலையாளிகளுக்கு இட்லி வராது" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். சுட்ட அம்மா தமிழிலேயே கேட்டார்: "இன்னும் ரெண்டு வைக்கட்டுங்களா?"

நகரி மருமகள்:
ஆந்திர எல்லையிலிருந்து ஒரு குரல். பிறந்தது திருத்தணி, வாக்கப்பட்டது நகரி பக்கம். திருத்தணி 1960-இல்தான் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. இரண்டு பக்கமும் இரண்டு மொழியும் வீட்டுக்குள் புழங்கும்.

என்கூட வேலை செய்தவர்கள் சென்னையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ராகிக் களி, நாட்டுக்கோழிக் குழம்பு, நிலக்கடலைச் சட்னி வைத்தோம். ராயலசீமை ஓரத்தில் விருந்து என்றால் இதுதான். வந்தவர்கள் இலையில் எதையோ தேடுகிறார்கள். "பருப்புப் பொடி இல்லையா? கோங்குரா இல்லையா? காரமே இல்லையே, நீங்க ஆந்திராதானே?" சென்னை ஆந்திரா மெஸ்ஸில் பார்த்ததை வைத்துத்தான் கேட்கிறார்கள். அந்த மெஸ் சமையலில் பாதி குண்டூர், விஜயவாடா பக்கத்து வழக்கம். நகரியிலிருந்து சென்னை கூப்பிடு தூரம். குண்டூர் எங்கேயோ இருக்கிறது. ஆனால் நான் ஆந்திரா என்பதால் குண்டூர் மிளகாயை என் சட்டியில் தேடுகிறார்கள்.

இதைவிட மனசில் நிற்பது திருப்பதி போகிற வழியில் ஓர் ஓட்டல். எங்கள் காருக்குத் தமிழ்நாட்டு நம்பர். நான் தெலுங்கில் கேட்கக் கேட்க, பரிமாறுகிற தம்பி தமிழிலேயே பதில் சொல்கிறான். இலையில் வெல்லம் போட்ட சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். பக்கத்து மேசை ஆந்திர நம்பர் கார்க்காரர்களுக்கும் அதுதான். ஆனால் அவர்களுக்கு ஒரு கரண்டி காரப்பொடி கேட்காமலேயே வந்தது.

"வேற ஏதாவது புளுசு இருக்கா அன்னா?" என்று கேட்டேன் (புளுசு என்றால் புளிக்குழம்பு). தயங்கினான். "இருக்கு மேடம், அது ஸ்டாஃபுக்கு வச்சது." அதையே கொடுங்கள் என்றேன். முதலாளி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்தான். எண்ணெய் மிதக்காத கத்தரிக்காய்ப் புளுசு, பச்சை மிளகாய் கீறிப் போட்ட தக்காளிப் பப்பு. என் மாமியார் கையால் வைத்தது போலவே இருந்தது. மிளகாய்த் தூள் என்ற பேச்சே இல்லை. விற்பதற்கு ஒரு சமையல், சமைத்தவர்கள் சாப்பிட ஒரு சமையல். பில்லில் அந்தக் கிண்ணத்தைப் போடவும் இல்லை, என்ன பெயரில் போடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை போலும்.

பாலக்காட்டுப் பையன்:
அக்கா எந்த ஓட்டல்? பெயரைப் போடுங்க.

நகரி மருமகள்:
போட்டால் நாளைக்கே "ஸ்டாஃப் ஸ்பெஷல்" என்று போர்டு வைத்துவிடுவார்கள் தம்பி. வேண்டாம்.

கோபாலபுரம் மெஸ்:
இத்தனை பேரும் சாப்பிடுகிற பக்கத்திலிருந்தே எழுதுகிறீர்கள். நான் அடுப்புப் பக்கத்து ஆள். கோபாலபுரம் எல்லையிலிருந்து பொள்ளாச்சி வரும் ரோட்டில் சின்ன மெஸ் வைத்திருக்கிறேன். போர்டில் "கேரளா மெஸ்" என்று இருக்கும். நான் கவுண்டர் வீட்டுப் பையன், சமையல்காரர் அசாம்காரர். பெரிய ரகசியம் ஒன்றுமில்லைங்க, இந்த ரோட்டில் பாதிக் கடை இப்படித்தான்.

மட்டை அரிசி (கேரளத்துச் சிவப்புப் புழுங்கல்) வைத்தால் பாதிப் பேர் "வேகலையே" என்று ஒதுக்கி வைத்துவிட்டுப் போவார்கள். பொன்னி வைத்தால் "இதெல்லாம் கேரளாவா?" என்பார்கள். மட்டை அரிசி வேகப் பொன்னியைவிட ரொம்ப நேரம் பிடிக்கும், தண்ணீரும் அதிகம், கஞ்சி வடிக்க வேண்டும், கேஸ் செலவு தனி. அதனால் ஞாயிறு மட்டும் மட்டை. மற்ற நாளில் கேட்டால் மட்டும்.

தேங்காய் எண்ணெய் சங்கதி இன்னும் மோசம். முழுக்க அதில் சமைத்தால் கோயம்புத்தூர்க் குடும்பங்கள் வாசனை பிடிக்கவில்லை என்று எழுந்து போயிருக்கிறார்கள். இல்லவே இல்லை என்றால் மலையாளி டிரைவர் முகம் சுளிக்கிறார். இப்போது சமைப்பது கடலை எண்ணெயில். இறக்கும்போது மேலே ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயும் கருவேப்பிலையும். அவியலுக்கு மட்டும் இந்தச் சமரசம் கிடையாது, அதில் முழுக்கத் தேங்காய் எண்ணெய்தான், பிடிக்காதவர்கள் கூட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

இதிலெல்லாம் மலிவாகப் பெயர் வாங்கித் தருவது எது தெரியுமா? பதிமுகம் என்ற மரச்சீவல் போட்ட சிவப்புத் தண்ணீர். ஒரு பிடி சீவல், ஒரு அண்டா தண்ணீர். டம்ளரைப் பார்த்ததும் "ஆகா, இது ஒரிஜினல்" என்று போட்டோ எடுக்கிறார்கள். என் சோற்றையும் குழம்பையும் யாரும் அந்த அளவுக்குப் பாராட்டியதில்லை. ஒரு நாள் சீவல் தீர்ந்துபோய் வெறும் சீரகத் தண்ணீர் வைத்தேன். அன்று வந்தவர் ஒருவர் ஆன்லைனில் இரண்டு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போனார்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அண்ணா, அப்போ உங்கள் வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள்?

கோபாலபுரம் மெஸ்:
மதியம் கடையில்தான். அசாம்காரர் தனக்கென்று கடுகெண்ணெயில் ஒரு மீன் குழம்பு வைப்பார், தக்காளி போட்டுப் புளிப்பாக. முதலில் அந்த வாசனைக்கு மூக்கைப் பொத்தினேன். இப்போது அதில்தான் ஒரு கை பார்க்கிறேன். மெனுவில் போடச் சொல்லி மனைவி நச்சரிக்கிறாள். போர்டில் கேரளா மெஸ் என்று வைத்துக்கொண்டு எப்படிப் போடுவது? நகரி அக்கா மாதிரி யாராவது ஸ்டாஃப் சாப்பாடு கேட்டால் கிண்ணத்தில் தருகிறேன், காசு வேண்டாம். வெள்ளிக்கிழமை மட்டும் வராதீர்கள், அன்று மீன் எடுப்பதில்லை.