எட்டாம் வகுப்பு அட்மிஷன்: கன்னடம் பற்றிக் கேட்கணும்

பெங்களூரில் கத்தோலிக்க மகளிர் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் அக்கா, அண்ணன்மார் உதவுங்கள். ஈரோட்டிலிருந்து வரும் அண்ணன் மகளுக்கு ஸ்டேட் சிலபஸில் எட்டாம் வகுப்பு சீட் பார்க்கிறோம். ஞானஸ்நானச் சான்றிதழ், பங்குத்தந்தை கடிதம், மார்க் ஷீட் ரெடி. வெளிமாநில டிசி என்பதால் அங்கேயே கல்வி அதிகாரியின் மேலொப்பமும் வாங்கியாச்சு.

கவலை கன்னடம்தான். எஸ்எஸ்எல்சியில் 625க்கு முதல் மொழிக்கே 125, மற்ற ஐந்துக்கும் தலா 100. அதனால் இங்கிலீஷ் முதல் மொழி, கன்னடம் இரண்டாவது என்பதே இவளுக்குப் பாதுகாப்பு. நம்ம ஒரே 'க'வுக்கு அங்கே நாலு எழுத்து. மெய்யெழுத்துக்கு அடியில் தொங்கும் ஒத்தக்ஷரம் வேறு. தமிழ்ப் பிள்ளைகள் டிக்டேஷனில் தடுமாறுவது அங்கேதான்.

நுழைவுத் தேர்வில் கன்னடமும் கேட்கிறார்களா? புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பள்ளியிலேயே தனி வகுப்பு உண்டா? எந்தப் பள்ளி என்பதோடு சொல்லுங்கள்.