ஏற்காட்டுக்கு செகண்ட் ஹேண்ட் காம்பாக்ட் எஸ்யூவி: எக்கோஸ்போர்ட், பிரெஸ்ஸா, நெக்ஸான் மூணுல எது?

நாகலூர்_மிளகு:

வணக்கம். வண்டி ஓடப்போறது ஏற்காட்டுல. தினமும் வீட்டுல இருந்து எஸ்டேட், ஒண்டிக்கடை, டவுன், திரும்ப வீடு. ஒரு நடை பத்து கிலோமீட்டருக்குள்ளதான் வரும். வாரம் ஒரு தடவை சேலம் இறங்கி ஏறணும். அப்ப அஞ்சு பேர் இருப்போம், இல்லைன்னா பின்சீட்டை மடக்கி மிளகு மூட்டை. பட்ஜெட் 7 லட்சத்துக்குள்ள.

பார்த்து வெச்சிருக்கறது மூணு, மூணுமே டீசல், மேனுவல். 2018 எக்கோஸ்போர்ட், 84,000 கி.மீ. 2017 பிரெஸ்ஸா, 96,000 கி.மீ. 2021 நெக்ஸான், 58,000 கி.மீ. மலைக்கு எது நின்னு உழைக்கும்? நேர்ல பார்க்கும்போது எதை எதைத் தொட்டுப் பார்க்கணும்?

சீலநாயக்கன்பட்டி_ரேம்ப்:

முதல்ல நெக்ஸானைத் தள்ளி வைங்க. வண்டி மேல குறை சொல்லலைங்க, நீங்க ஓட்டற ஓட்டத்துக்கு அது ஒத்துவராது. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (புதுப் புகை விதி) டீசல் கார்ல புகை போற வழியில டிபிஎஃப்னு ஒரு கரி வடிகட்டி இருக்கும். சேர்ற கரியை வண்டியே அப்பப்ப எரிச்சுக்கணும், அதுக்கு உள்ளே 600 டிகிரி பக்கம் சூடு ஏறி நிக்கணும். பத்து கிலோமீட்டர் நடையில இஞ்சின் சூடாகி முடிக்கறதுக்குள்ள நீங்க சாவியைத் திருப்பிடுவீங்க. எரிக்க ஆரம்பிச்சு பாதியில நின்னா, அதுக்குன்னு கூடுதலா அடிச்ச டீசல் சிலிண்டர் சுவர் வழியா இறங்கி இஞ்சின் ஆயில்ல கலக்கும். டிப்ஸ்டிக்ல ஆயில் மட்டம் குறையாம ஏறியிருந்தா, மோந்து பார்த்தா டீசல் வாடை அடிச்சா, அதுதான் நடந்திருக்கு. வாரம் ஒரு தடவை சேலத்துல இருந்து ஏறி வர்றது கொஞ்சம் கை கொடுக்கும், மறுக்கலை. ஆனா மிச்ச ஆறு நாள் சேர்றதை அந்த ஒரு ஏத்தத்தை நம்பி விடக்கூடாது.

எக்கோஸ்போர்ட் 2018ன்னா 1.5 டிடிசிஐ, 100 பிஎஸ் சக்தி, பழைய பிஎஸ்4 புகை விதி வண்டி. டிபிஎஃப் தொல்லை கிடையாது. இழுவை கீழ் ஆர்பிஎம்மிலயே நல்லா கிடைக்கும், வளைவுல ரெண்டாவது கியர்லயே திரும்பிடும். மலைக்கு இதுதான் என் ஓட்டு. ஆனா இதுல வால்வுகளை பிஸ்டனோட ஒத்து ஓட வைக்கற டைமிங் செயின் இல்லைங்க, பெல்ட். அறுந்தா வால்வு பிஸ்டன்ல மோதி ஹெட்டு போயிடும். பெல்ட்டுக்கு கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை, வயசும் கணக்கு. மாத்தினதுக்கு பில் இல்லைன்னா மாத்தலைன்னே வெச்சுக்குங்க. பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் நாலையும் ஒரே கையில மாத்தணும். பம்ப்பை விட்டுட்டு பெல்ட்டை மட்டும் மாத்தினா, அடுத்து பம்ப் கசியறப்போ அதே கூலியை மறுபடி கொடுப்பீங்க.

இஞ்சின் மேல் கவரைக் கழட்டி இன்ஜெக்டர் அடியைப் பாருங்க. தார் மாதிரி கருப்பா கெட்டியா படிஞ்சிருந்தா காப்பர் வாஷர் கசியுது. குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது 'சஃப் சஃப்'னு காத்து சத்தமும் வரும். இதை விட்டு வெச்சா கரி ஆயிலுக்குப் போய், டர்போவுக்குப் போற மெல்லிசான ஆயில் வழியை அடைக்கும். அப்புறம் செலவு டர்போ கணக்குல.

பின்கதவுல ஸ்டெப்னி தொங்கறதால கீல்ல பாரம் அதிகம். திறந்து லேசா மேலே தூக்கிப் பாருங்க, ஆட்டம் இருக்கக்கூடாது. ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இங்கே தயாரிப்பை நிறுத்தறதா அறிவிச்சிட்டதால, ஹெட்லைட், பம்பர், பின்கதவு மாதிரி பாடி ஐட்டம் உடைஞ்சிருந்தா விலை விசாரிச்சுட்டு பேரம் பேசுங்க. ஃபில்டர், பிரேக் பேடு, கிளட்ச், சஸ்பென்ஷன் ஐட்டத்துக்கு யோசிக்க வேண்டாம்.

இன்னொண்ணு, அதே எக்கோஸ்போர்ட்ல 1.0 எக்கோபூஸ்ட் பெட்ரோலையோ, 2017 வரைக்கும் வந்த 1.5 பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கையோ மலிவா காட்டினா ஆசைப்படாதீங்க. முதலாவதுல டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளயே ஓடுது. தப்பான ஆயில் ஊத்தினா பெல்ட் உதிர்ந்து, ஆயில் பம்ப் உறிஞ்சற ஜல்லடையை அடைச்சிடும். ரெண்டாவதுல இருக்கறது ட்ரை டூயல் கிளட்ச். வளைவுல முன்வண்டி பின்னாடி ஊர்ந்து ஊர்ந்து ஏறினா அந்த கிளட்ச் சூடேறி நடுங்கும்.

பிரெஸ்ஸா 1.3 டீசல் இஞ்சினுக்கு பழக்கப்பட்ட மெக்கானிக் எல்லா ஊர்லயும் இருக்காங்க, பார்ட்ஸ் கிடைக்கும், பெல்ட் இல்லை, டைமிங் செயின்தான். காலையில முதல் ஸ்டார்ட்ல ரெண்டு மூணு செகண்டு செயின் கடகடன்னா, ஆயில் மாத்தாம ஓட்டின வண்டி. இதோட பலவீனம் டர்போ லேக், அதாவது டர்போ வேலை செய்ய ஆரம்பிக்கற வரை இழுவை வராது. 1,800 ஆர்பிஎம்முக்குக் கீழே போனா செத்த மாதிரி இருக்கும், அதனால வளைவுல எல்லாரும் கிளட்சை அரைக்காலில் பிடிச்சே ஏத்துவாங்க. 96,000 கி.மீ. மலையில ஓடியிருந்தா கிளட்ச் செட்டை விலையில கழிச்சுப் பேசுங்க.

கொண்டை_ஊசி_20:

இஞ்சின் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது. ஏற்காட்டு வண்டிக்கு இஞ்சினை விட மூன்று விஷயம் முக்கியம்: கூலிங், கிளட்ச், பிரேக். இவற்றை நாலு ரோட்டைச் சுற்றி வந்து கண்டுபிடிக்க முடியாது. விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, அடிவாரத்திலிருந்து மலை ஏற்றிப் பாருங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த வண்டி வேண்டாம்.

போகும் முன், இஞ்சின் முழுதும் ஆறியிருக்கும்போது ரிசர்வாயர் மூடியைத் திறந்து கூலன்ட்டைப் பாருங்கள். துருநிறத்தில் இருந்தாலோ, வெறும் தண்ணீராக இருந்தாலோ கவனம். சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அவ்வளவு ஏற்றத்தையும் ஒன்று, இரண்டாம் கியரில் மெதுவாக ஏறும்போது எதிர்க்காற்று இருக்காது, ரேடியேட்டர் ஃபேன்தான் எல்லா வேலையும் செய்யவேண்டும். மேலே தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சிஸ்டத்துக்குள் இருக்கும் அழுத்தம்தான் அதைத் தடுக்கிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் கீழே சரியாக ஓடிய வண்டி மேலே பொங்கும். நாலு பேரை ஏற்றி, ஏ.சி. போட்டு, முதல் ஏழெட்டு வளைவாவது ஏறி, ஓரமாக இடமுள்ள இடத்தில் இஞ்சினை அணைக்காமல் நிறுத்துங்கள். முள் நடுவிலேயே நிற்கவேண்டும், ஃபேன் அதிவேகத்தில் சுற்றிப் பின் நிற்பது காதில் விழவேண்டும்.

கிளட்சுக்கு: நேரான ஏற்றத்தில் மூன்றாம் கியரில் 2,000 ஆர்பிஎம் அருகே வைத்து ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்துங்கள். ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் டிஸ்க் முடிந்தது. பிறகு ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக்கில் பிடித்து எடுங்கள். உடம்பு முழுக்க நடுக்கம் வந்தால் பிரஷர் பிளேட்டோ ஃப்ளைவீலோ சூடுபட்டிருக்கிறது. பெடலை அழுத்தினால் வந்து, விட்டால் மறையும் இரைச்சல் ரிலீஸ் பேரிங்.

இறக்கம்தான் உண்மையைச் சொல்லும். இரண்டாம் கியரில் இறங்கி, வளைவுக்கு முன் மட்டும் பிரேக் பிடியுங்கள். ஸ்டீயரிங் உதறினால் டிஸ்க் கோணியிருக்கிறது. பெடல் வரவர ஆழமாகப் போனால் பிரேக் ஃப்ளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கெட்டிருக்கிறது. புது டாட் 4 ஃப்ளூயிட் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். பனியும் மழையும் உள்ள ஊரில் இரண்டு வருடத்துக்கு மேல் அதை விடக்கூடாது. கீழே வந்ததும் இஞ்சின் ஓடும்போதே பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்லக் கீழே இறங்கினால், வெளியே கசிவு எதுவும் இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டர் உள்ளே விடுகிறது. பிரேக் டிஸ்க் ஓரத்தில் விரலில் தட்டுப்படும் மேடு தேய்மானத்தின் அடையாளம், நீலப் புள்ளிகள் சூட்டின் அடையாளம். அனுமதிக்கும் குறைந்த தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், வெர்னியர் காலிபர் அளவியால் அளந்து பாருங்கள்.

முன் டயர்களையும் படியுங்கள். வெளி ஓரம் இரண்டு பக்கமும் சமமாகத் தேய்ந்திருந்தால் வளைவுகளிலேயே வாழ்ந்த வண்டி. "டவுனுக்குள்ளேதான் ஓட்டினேன்" என்று விற்பவர் சொன்னால் அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். உள் ஓரம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் லோயர் ஆர்ம் புஷ் அல்லது அலைன்மென்ட். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்தும்போது 'டக் டக்' என்றால் ஆக்சில் ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருக்கும்.

அஸ்தம்பட்டி_பெட்ரோல்:

டீசல்தான் வேணும்னு ஏன் முடிவு பண்ணீங்க? நீங்க சொல்ற ஓட்டத்துக்கு வருஷத்துக்கு எட்டாயிரம் பக்கம் வந்தாலே அதிகம். டீசல்ல மிச்சமாகற காசை ஒரு இன்ஜெக்டர் வேலை தின்னுடும். 2020ல வந்த பிரெஸ்ஸா 1.5 பெட்ரோலையும் பட்டியல்ல சேருங்க. சின்ன நடைக்கு பயப்படவே வேண்டாம். ஒரே குறை, டர்போ இல்லாத பெட்ரோல் இஞ்சின் உயரத்துல மூச்சு வாங்கும். 1,500 மீட்டர்ல சக்தி 15 சதவீதம் பக்கம் குறையும். அஞ்சு பேரோட ஏறும்போது கியர் குறைச்சு 3,000 ஆர்பிஎம்ல வெச்சு ஓட்டப் பழகணும்.

சீலநாயக்கன்பட்டி_ரேம்ப்:

அவர் சொல்றது நியாயம். மூட்டை ஏத்தறது அடிக்கடின்னா டீசல், எப்பவாவதுன்னா பெட்ரோல். அவ்வளவுதாங்க.

நாகலூர்_மிளகு:

மூட்டை மாசத்துல ரெண்டு மூணு தடவை உண்டு, சீசன்ல வாரா வாரம். அதனால எக்கோஸ்போர்ட்டையே முதல்ல பார்க்கலாம்னு இருக்கேன். ஆனா அது சென்னை ரெஜிஸ்ட்ரேஷன், இங்கே கொண்டுவந்து விக்கறாங்க. பெல்ட் மாத்தியாச்சுன்னு வாயால சொல்றாங்க, பில் இல்லை. அதே இடத்துல ஒரு கேஏ (கர்நாடகா) நம்பர் வண்டியும் விலை குறைவா இருக்கு.

ஐந்து_ரோடு_பேப்பர்:

சென்னை வண்டி என்றாலே தண்ணீரில் நின்றதா என்று பார்த்தாக வேண்டும். 2018 வண்டி என்பதால் 2023 டிசம்பர் மழையை மனதில் வையுங்கள். சீட் பெல்ட்டை கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கறையோ ஒரு கோடோ இருந்தால் அங்கேயே விட்டுவிடலாம். இன்டீரியரைக் கழுவுபவர்கள் அவ்வளவு தூரம் இழுத்துக் கழுவமாட்டார்கள். முன்சீட்டுக்கு அடியில் உள்ள வயர் கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள், பின்களில் பச்சைப் பூப்பு இருக்கக்கூடாது. சீட் ரயில் போல்ட்டில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சில் ஈரம், இதுவும் பாருங்கள்.

பெயின்ட் மீட்டர் வைத்தால் கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் காட்டும். 300ஐத் தாண்டினால் உள்ளே பட்டி. கதவில் இருந்தால் பரவாயில்லை. பில்லரிலும் (கூரையைத் தாங்கும் தூண்), ஏப்ரனிலும் (இஞ்சின் ரூம் பக்கவாட்டுத் தகடு) இருந்தால் வேண்டாம். ஸ்கேனர் போடும்போது பழைய எரர் கோடுகள் (பழுதுக் குறியீடுகள்) மட்டுமல்ல, இஞ்சின் ஈசியூ (இஞ்சினின் கம்ப்யூட்டர்) தவிர மற்ற யூனிட்களில் கிலோமீட்டர் பதிவு இருந்தால் அதையும் மீட்டரோடு ஒப்பிடச் சொல்லுங்கள். சேசிஸ் நம்பரைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஹிஸ்டரி வாங்கினால் பெல்ட் விஷயமும் தெரிந்துவிடும். அதில் இல்லையென்றால் பெல்ட் கிட், கிளட்ச், நாலு டயர் மூன்றையும் விலையில் கழித்துப் பேசுங்கள். மூன்றும் சேர்ந்தால் அரை லட்சத்தைத் தாண்டும்.

கேஏ வண்டிக்கு அங்கிருந்து ஃபார்ம் 28ல் என்ஓசி (ஆட்சேபணை இல்லாச் சான்று) வாங்கி, இங்கே லைஃப் டாக்ஸ் கட்டி, புது நம்பர் வாங்கவேண்டும். விலை குறைவாகத் தெரிவதற்கு அதுதான் காரணம், கூட்டிப் பார்த்தால் மிச்சம் பெரிதாக இராது.

சென்னை வண்டிக்குப் பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30. ஆர்சியில் ஹெச்பி (வண்டிக் கடன் பதிவு) இருந்தால், அதை நீக்க பேங்க் கையெழுத்திட்ட ஃபார்ம் 35 கைக்கு வராமல் முழுப்பணம் தராதீர்கள். அரசின் பரிவாஹன் இணையதளத்தில் நம்பரைப் போட்டு சலான் பாக்கி, இன்சூரன்ஸ் தேதி, எத்தனையாவது ஓனர் எல்லாம் பாருங்கள். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். தேர்ட் பார்ட்டி தானாக மாறும், உங்கள் வண்டிக்கான சேதம் மாறாது. விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தை நீங்கள்தான் கட்டவேண்டும்.

சீலநாயக்கன்பட்டி_ரேம்ப்:

வண்டி வாங்கி மேலே கொண்டு போனதும் பிரேக் ஃப்ளூயிட், கூலன்ட், கியர் ஆயில் மூணையும் கண்ணை மூடிக்கிட்டு மாத்திடுங்க. எஸ்டேட்ல எலி வயரைக் கடிக்கும். ராத்திரி நிறுத்தறப்போ பானெட்டைத் திறந்து வெச்சு, இஞ்சின் ரூம் இருட்டா இல்லாம ஒரு லைட் எரிய விட்டா கிட்ட வராது. பனிக்காலத்துல ரெண்டு மூணு நாள் நிறுத்தி வைக்கறதா இருந்தா, சமதரையில ஹேண்ட்பிரேக் போடாம முதல் கியர்ல போட்டு சக்கரத்துக்குக் கல்லு வைங்க. இல்லைன்னா பின் பிரேக் ஷூ டிரம்ல ஒட்டிக்கும்.