போலி முத்திரைப் பொருட்கள்: ஆய்வாளர் ஏன் பறிமுதல் செய்ய மறுக்கிறார்?

கேள்வி: எங்கள் மசாலாப்பொடியின் பதிவுபெற்ற வணிகக்குறியை அப்படியே அச்சிட்டுப் போலிப் பொட்டலங்கள் விற்கப்படுகின்றன. புகார் அளித்தும், தமக்கு அதிகாரம் இல்லை என்று காவல் ஆய்வாளர் திருப்பி அனுப்பிவிட்டார். இது சரியா?

பதில் 1: சரிதான். 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 115(4)ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிச் சோதனையிட்டுப் பறிமுதல் செய்பவர் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்பதோடு, அவரும் முன்னதாக வணிகக்குறிப் பதிவாளரின் கருத்தைப் பெற்று அதன்படியே நடக்க வேண்டும். கருத்து வந்து சேர்வதற்குள் சரக்கு இடம் மாறிவிடும் என்பதைச் சட்டம் இயற்றியோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பதில் 2: பொட்டலத்தின் ஓவிய வடிவமைப்பு உங்களுடைய சொந்தப் படைப்பா? அவ்வாறாயின் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு உதவும். அதன்கீழ் உதவி ஆய்வாளரே நகல்களைக் கைப்பற்றலாம், பதிவாளரின் கருத்து தேவையில்லை. பதிப்புரிமை மீறலுக்கான 63ஆம் பிரிவுக் குற்றம் பிணையில் விட இயலாதது என்று உச்ச நீதிமன்றமும் 2022இல் தீர்ப்பளித்துள்ளது.

பதில் 1: ஏற்கிறேன். ஆயினும் போட்டியாளரைப் பொய்ப்புகாரால் முடக்குவதைத் தடுக்கவே அந்தக் கருத்துக்கேட்பு உதவுகிறது என்பதால், அதை நீக்குவதைவிட அதற்குக் காலவரம்பு விதிப்பதே முறை.