ஸ்கேனில் குடல்வால் தெரியலை: சிடி எடுக்கணுமா?

பென்னாகரம் ஸ்டாஃப் நர்ஸ்:
16 வயசுப் பையன், ஒல்லி. நேத்துக் காலையில தொப்புளைச் சுத்தி வலி, ராத்திரிக்குள்ள வலது அடிவயித்துக்கு இறங்கிடுச்சு. ரெண்டு தடவை வாந்தி, சோறு வேண்டாங்கறான். அழுத்தினா வலி. காய்ச்சல் இல்லை. வெள்ளணு 12,400. வெளியில எடுத்த அல்ட்ராசவுண்டு ஸ்கேன்ல 'அப்பெண்டிக்ஸ் நாட் விஷுவலைஸ்டு'னு ஒரே வரி. வீட்டாளுங்க அதை நார்மல்னு நினைச்சுக் கிளம்பறாங்க. டாக்டர் வர்றதுக்குள்ள என்ன சொல்லி நிறுத்தறது? நேரா சிடிக்கு அனுப்பலாமா?

சோனோ கிருஷ்ணகிரி:
'தேடினோம், கண்ணுக்குப் படலை'. அந்த வரிக்கு அவ்வளவுதான் அர்த்தம் மேடம். நார்மல்னா 'குடல்வால் தெரிஞ்சது, 6 மி.மீ.க்குள்ள இருக்கு, அழுத்தினா அமுங்குது'ன்னு எழுதியிருக்கணும்.

லீனியர் புரோபை (தட்டையான ஸ்கேன் முனை) வெச்சு, வாயு விலகற வரைக்கும் மெல்ல மெல்ல அழுத்தணும். முதுகெலும்பை ஒட்டின சோவாஸ் தசையும் இடுப்புக்குள்ள ஓடற இலியாக் ரத்தக்குழாயும் படத்துல வரலைன்னா அழுத்தம் பத்தலை. ரொம்ப வலிக்கிற இடத்தைப் பையனையே ஒரு விரலால காட்டச் சொன்னா பாதி வேலை முடிஞ்சுது. சீக்கத்துக்கு (பெருங்குடலோட ஆரம்பப் பை) பின்னாடி ஒளிஞ்சிருந்தா இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுப் பார்க்கணும். நுனி வரைக்கும் தொடர்ந்து பார்க்கலைன்னா, நுனியில மட்டும் இருக்கிற அழற்சி தப்பிடும். வெடிச்ச குடல்வால் சுருங்கிப் போய் 6 மி.மீ.க்குக் கீழயும் காட்டும். வால் தெரியாட்டியும் சுத்தியுள்ள கொழுப்பு வெளுத்து, நீர் தேங்கியிருந்தா சந்தேகம் கூடும். அந்த ரிப்போர்ட்ல இதைப் பத்தி ஒரு வார்த்தையும் இல்லையே!

சர்ஜன், ஓசூர்:
நீங்க சொன்னதை வெச்சே ஆல்வராடோ (குடல்வால் அழற்சியைக் கணிக்கற மதிப்பெண்) 7 வருது (இடம் மாறின வலி 1, பசியின்மை 1, வாந்தி 1, அழுத்த வலி 2, வெள்ளணு 2). நியூட்ரோஃபில் (வெள்ளணுவுல ஒரு வகை) 75 சதவீதம் தாண்டினா இன்னொண்ணு. இன்னைக்கே தருமபுரி மெடிக்கல் காலேஜுக்கு அனுப்புங்க.

சிடிக்கு அவசரப்பட வேண்டாம், முதல்ல அனுபவமுள்ள கை திரும்ப அல்ட்ராசவுண்டு பார்க்கட்டும். கதிர்வீச்சு ஒரு பக்கம். இன்னொண்ணு, கொழுப்பு கலங்கியிருக்கறதை வெச்சுத்தான் சிடியில அழற்சியைப் படிக்கறோம். ஒல்லி உடம்புல கொழுப்பே இல்லைன்னா சிடியும் தடுமாறும். அப்பவும் தெளியலைன்னா கிரியேட்டினின் (சிறுநீரக டெஸ்ட்) பார்த்துட்டு, நரம்பு வழி கான்ட்ராஸ்டோட (படம் தெளிவா விழக் குடுக்கற மருந்து) குறைந்த டோஸ் சிடி. வாய்வழி கான்ட்ராஸ்ட் குடிக்க வெச்சா நேரம்தான் போகும்.

வாய்வழி எதுவும் குடுக்காதீங்க. டாக்டர்கிட்ட போன்ல கேட்டு டிரிப், வலி மருந்து ஆரம்பிங்க. வலி மருந்து நோயை மறைச்சிடும்கறது பழைய பயம். விதைப்பையையும் டாக்டர் பார்க்கணும். விதை முறுக்கிக்கிட்டாலும் பையன்களுக்கு அடிவயித்து வலியாத்தான் வரும். வலி சட்டுனு குறைஞ்சு, அப்புறம் வயிறு கல்லாட்டம் ஆனா வெடிச்சிருக்கலாம். இதை வீட்டாளுங்ககிட்ட அழுத்திச் சொல்லுங்க.

அரூர் லேப்:
இதுவே பொண்ணா இருந்தா ஸ்கேனுக்கு முன்னாடி சிறுநீர்ல கர்ப்பப் பரிசோதனை. சினைப்பை தெரிய மூத்திரப்பை நிறைஞ்சிருக்கணும். கர்ப்பிணின்னா அல்ட்ராசவுண்டு, தெளியலைன்னா கடோலினியம்ங்கற கான்ட்ராஸ்ட் இல்லாத எம்ஆர்ஐ. ஸ்கேன் சென்டர்ல படிவம் எஃப் (கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுத்தா சட்டப்படி எழுதற பதிவு) நிரப்பறதையும் மறந்துடக் கூடாது.

பென்னாகரம் ஸ்டாஃப் நர்ஸ்:
நியூட்ரோஃபில் 82. அப்போ 8 ஆச்சு. டாக்டர்கிட்ட சொல்லி 108 கூப்பிட்டாச்சு சார். ரிப்போர்ட்டோட படங்களையும் கையில குடுத்து அனுப்பறேன்.